ஒற்றைச் செருப்பும் ஒரு தடுப்பூசியும்

கொரோனா தடுப்பூசி வரிசையில் ஒரு பெண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நான் முன்னால் போய் ஊசி போட்டுக்கொண்டேன். வரிசையில் யாரும் குறுக்கே புகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அன்று என்னுடையதுதான். (கையால் தள்ளவில்லை. செருப்பால் தள்ளினேன். அது இன்னும் மோசம்.)

கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் முகாம். முந்தைய முகாமில் பெரிய இடத்து உறவினர்கள் பின்வாசலில் நுழைந்துவிட்டதாகச் சண்டை. அதனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என்னைக் கண்காணிக்கச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை வேட்டியில் போய் நின்று, "ஏழை, பணக்காரன் எல்லாம் கேட்டுக்கு வெளியே! உள்ளே மனுஷன் மட்டும்தான்!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். அதுதான் கெடுத்தது.

எங்கள் பக்கம் வரிசையில் ஆள் நிற்காது, பொருள் நிற்கும். கல், கட்டைப்பை, தண்ணீர் பாட்டில், செருப்பு என எதையாவது இடத்தில் வைத்துவிட்டு மர நிழலுக்குப் போய்விடுவார்கள். என் தோல் செருப்பு கடைசியில் கிடந்தது. அதற்கு வெகு முன்னால், வரிசையின் பாதிக்குள், மலர்க்கொடியின் மஞ்சள் கூடை. பெரம்பலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். "நாளைக்கு ஊசி போட்ட சீட்டோட போனாத்தான் சார் உள்ள விடுவாங்க. இல்லேன்னா வேற ஆள் வச்சிடுவாங்க" என்று வந்ததுமே என்னிடம் சொல்லியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் என்னிடம் வந்து கிசுகிசுத்தார். "சார், மருந்து கம்மியாத்தான் வந்திருக்கு. பாதிப் பேருக்குக்கூடக் காணாது."

உடனே எனக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. எல்லோரும் டீக்கடைப் பக்கம் போயிருந்தார்கள். வலது செருப்பைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போய் மஞ்சள் கூடைக்கு முன்னால் வைத்தேன். இடது செருப்பை எடுக்கத் திரும்பினால், "சார்! என்ன பண்றீங்க?" என்று ஒரு குரல்.

"வரிசையை நேர் பண்றேன்!" என்றேன். அதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசி டோக்கன் எனக்கு. அடுத்தது மஞ்சள் கூடை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடி உள்ளே போய்க் கையை நீட்டினேன்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே பேச்சு கேட்டது.

"யார்து இந்த ஒத்தச் செருப்பு?"

"சாரோடது மாதிரி இருக்கே."

"சாரு உள்ளல்ல உக்காந்திருக்காரு!"

ஜன்னல் முழுக்கத் தலைகள். அத்தனை கண்களும் என் கால்மேல்.

"அடேங்கப்பா! வலது காலு ஊசி போட்டுக்கிச்சு, இடது காலு இன்னும் வரிசையில நிக்குது. சாரு பாதி யோக்கியருப்பா!"

மலர்க்கொடி சிரிக்கவில்லை. "அந்த ஊசியிலதான் சார் என் வேலையே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

நான் நர்ஸிடம், "என் மருந்தைத் திருப்பி எடுக்க முடியாதாம்மா?" என்றேன். (எம்.ஏ., பி.எட். படித்தவன் கேட்ட கேள்வி.)

அதற்குள் என் மனைவி சரோஜா வந்துவிட்டாள். இடது செருப்பைப் பிடுங்கிப் பையில் போட்டாள். மலர்க்கொடியை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரச் சொன்னாள். "என்னங்க, இவளுக்கு ஊசி போடாம வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

பறந்தோம். அரியலூரில் மருந்து தீர்ந்திருந்தது. பெரம்பலூரிலும் இல்லை. வாலிகண்டபுரத்தில் ஒரு முகாம் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு குப்பி இருக்குங்க. ஆனா பத்துப் பேர் இருந்தாத்தான் தெறக்கலாம், இல்லேன்னா வீணாயிடும். எட்டுப் பேர் காத்திருக்காங்க, இந்தம்மாவோட ஒம்பது" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

"எனக்குப் போடுங்க!" என்று கையை நீட்டிவிட்டேன். அந்தக் கையிலேயே காலையில் ஒட்டிய பஞ்சு இருந்தது. மலர்க்கொடிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எதிர் டீக்கடைக்காரரிடம் ஓடினேன். அவருக்கு ஊசி என்றால் பயம். "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேங்க. இந்தப் பொண்ணோட இடத்தைத் திருடிப் போட்டுக்கிட்டேன்." செருப்புக் கதை முழுவதையும் சொன்னேன்.

அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். "திருடிப் போட்டுக்கிற அளவுக்கு நல்ல மருந்துன்னா, எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

குப்பி திறந்தது. நான் விசில் அடித்தேன். முப்பது வருடம் அதற்காகப் பிள்ளைகளை முட்டிபோட வைத்தவன்.

மலர்க்கொடிக்கு வேலை நிலைத்தது. அடுத்த முகாமில் ஊர் முன்னால் தவறை ஒப்புக்கொண்டு, இனி நான் கண்காணிக்க மாட்டேன் என்றேன். மலர்க்கொடி விடவில்லை. "அவரே நிக்கட்டும். இனிமே தப்புப் பண்ணப் பயப்படுவாரு. ஆனா செருப்பு மட்டும் வூட்டுல இருக்கணும்."

ஊர் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து போலியோ சொட்டு மருந்தானாலும் சரி, கண் முகாமானாலும் சரி, வரிசையைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கொதிக்கிற சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்கிறேன். கால் மாற்றிக் கால் வைத்தால் போதும், மலர்க்கொடி எங்கிருந்தாலும் குரல் கொடுப்பாள்:

"சார், ரெண்டு காலும் ஒரே இடத்துல இருக்கா?"