துரை கையால் விதை

புயலுக்குப் பின்னால் தவளை வரும், கொசு வரும், அப்புறம் கமிட்டித் தலைவர் வருவார். முதல் இரண்டையும் விரட்டிவிடலாம்.

திண்டிவனம் சீனுவாசன் அந்த மூன்றாவது இனம். கார்த்திகைப் புயலில் சுற்றுவட்டாரத்துக் கூரைகளெல்லாம் பறந்து, கிணறுகள் தூர்ந்து, வீடுகளில் விதைக்கென்று வைத்திருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நனைந்து அழுகிப்போக, அவருக்குத் தூக்கமே வரவில்லை. நிவாரணக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்று முடிவாகாமல் தூக்கம் எப்படி ஐயா வரும்? முடிவாயிற்று. தூங்கினார்.

யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய பன்னிரண்டு மூட்டை விதை மல்லாட்டை ரயிலில் வந்திறங்கியது. விதைக்க மார்கழிப் பட்டம், நிலத்தில் ஈரம் இருக்கிறது. கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அதெப்படி? கலெக்டர் துரை வரவேண்டும், தம் கையால் அள்ளிக் கொடுக்கவேண்டும், அதற்குப் பந்தல் வேண்டும், நாயனம் வேண்டும், வட்டார அபிவிருத்தியைப் பற்றிச் சீனுவாசன் இரண்டு மணி நேரம் பேசவேண்டும். துரையின் கையில் தோலும் மண்ணும் ஒட்டிவிடப்போகிறதே என்று அத்தனையையும் உரித்துப் பருப்பாக்கச் சொன்னார்.

உரிக்க வந்தவர்களில் வெள்ளையம்மாளும் ஒருத்தி. அவளுக்கு இருப்பது அரைக்காணி. அதில் விளைந்தால் ஊரில் கஞ்சி. இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு பிழைப்புத் தேடிப் போகவேண்டியதுதான்.

"ஐயா, உரிச்சிட்டா ஜல்தியா போட்டுடணும்ங்க. பருப்பா வச்சிக்கினு இருந்தா மொளைக்காதுங்க."

"உனக்கு உன் அரைக்காணிதான் தெரியுது. நான் ஜில்லாவையே தூக்கி நிறுத்திக்கினு இருக்கேன்!"

துரைக்கு முதல் வாரம் ஜலதோஷம். மறுவாரம் மோட்டாருக்குப் பெட்ரோல் இல்லை, சண்டைக் காலமாயிற்றே. அதற்கடுத்த வாரம் வழியில் பாலம் இல்லை. ஒவ்வொரு வாரமும் கமிட்டி கூடி, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, காபி சாப்பிட்டுக் கலைந்தது. பட்டம் போயிற்று, ஈரம் போயிற்று, பருப்பில் வண்டும் விழுந்தது.

தை பிறந்து துரை வந்தார். அள்ளினார், கொடுத்தார். முந்தானையில் வாங்கிய வெள்ளையம்மாள் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தாள். ஒரே காறல். துப்பினாள்.

துரை திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு ஆனந்தம் தாங்கலைங்க, துரை!" என்றார் சீனுவாசன்.

"விழுப்புரத்துல கல்லு ஒடைக்கிற வேலை இருக்குதாம்ங்க. நான் வண்டிக்குப் போறேன்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

"பார்த்தீர்களா! நம் ஜனங்கள் தொழில் தேடி வெளியூர் புறப்பட்டுவிட்டார்கள். இதுவன்றோ முன்னேற்றம்!" என்று சீனுவாசன் பேச்சைத் தொடங்க, நாம் எல்லோரும் கைதட்டினோம்.

நீங்கள் அந்த மூன்றாவது இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியானால், எதிர்வீட்டுக் கூரை பறந்த அன்று கையில் கீற்றோடு போன நீங்கள், யாராவது பார்க்கிறார்களா என்று தெருவில் கொஞ்சம் நின்றீர்களே, அது எதற்காம்?