மெமோவோடு வந்த சிடி

என்ன குற்றம் என்று மெமோவில் எழுதியிருந்தால் ராஜசேகர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். "12ஆம் தேதி ஷிப்டில் தங்கள் நடத்தை இணைப்பிலுள்ள சிடியில் பதிவாகியுள்ளது. மூன்று நாளில் விளக்கம் தரவும்." அவ்வளவுதான். கூடவே ஸ்டிக்கர் ஒட்டிய சிடி ஒன்று. ஒரகடம் தொழிற்சாலையில் ஆறு வருஷம் கான்ட்ராக்டில் உழைத்தவன் அவன். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகவேண்டியவன்.

"இன்னாதான்யா பண்ண அன்னிக்கு?" என்றாள் மனைவி கங்கா.

"அட்டைப்பெட்டிக்குப் பின்னால அரைமணி நேரம் தூங்கிட்டேன். மணிக்கு ஒருவாட்டி எழுதற செக் ஷீட்டை எட்டு மணி நேரத்துக்கும் மொத்தமா முன்னாடியே எழுதி வெச்சிட்டேன்."

"அவ்ளோதானே?"

"மிஷின் சும்மா சும்மா நின்னுகினே இருந்துச்சா, கை உள்ள போனா மிஷினை நிறுத்தற சேஃப்டி சென்சார் மேல டேப்பை ஒட்டிட்டு ஓட்டுனேன்."

"அடப்பாவி! இதுல எதைப் புடிச்சாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இதைக் கையில வெச்சிகினு முழிக்கிறேன்?"

தூக்கம் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். சென்சார் என்றால் வேலையே போய்விடும். எது மாட்டியதோ அதை மட்டும் எழுதவேண்டும். அதற்குச் சிடியைப் பார்க்கவேண்டும். ஆனால் இந்தக் காலத்தில் சிடி போடும் மிஷின் எவன் வீட்டில் இருக்கிறது?

கங்காவின் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து பழைய பிளேயரை இறக்கினார்கள். சிடியை வாங்கிச் சுற்றியது, முனகியது, 'நோ டிஸ்க்' என்றது.

"அழுக்கா கீது, குடு" என்று கங்கா பற்பசை போட்டு, துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அதற்குப் பிறகு பிளேயர் சுற்றக்கூட மறுத்தது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடினான். ஜெராக்ஸ் கடை யாக்கோபுவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. யாக்கோபு சிடியை முகர்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பல்லு வெளக்கி வுட்டியா?"

"அழுக்குன்னு..."

"உள்ள கண்ணுக்குத் தெரியாத புள்ளிங்க, நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் சுத்திகினே போவும்ப்பா. கீழேர்ந்து லேசர் அடிக்கும். வெள்ளிப்பூச்சுல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை வெச்சித்தான் படிக்கும். வெளிச்சம் போவற கண்ணாடியையே நீ உப்புத்தாளு போட்டுத் தேச்ச மாதிரி பண்ணிக்கிற."

இருந்தாலும் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் கடகடவென்று ஆடியது. சிடியை வெளியே எடுத்தார்.

"ஸ்டிக்கர் ஒரு பக்கம் தூக்கிகினு கீது, அதான்..." அவர் சொல்லி முடிப்பதற்குள் ராஜசேகர் அதை நகத்தால் உரித்துவிட்டான். சர்ரென்று வந்தது. வெள்ளியும் கூடவே வந்தது. சிடிக்கு அந்தப் பக்கம் யாக்கோபுவின் திறந்த வாய் பளிச்சென்று தெரிந்தது.

"யோவ்! எழுதனது மொத்தமும் ஸ்டிக்கருக்கு அடியில அந்த வெள்ளியிலதான்யா கீது! கீழ கோடு விழுந்தா ஏதாவது பண்ணலாம். இதுக்கு ஒன்னியும் பண்ண முடியாது."

"ஆபீஸ்ல வேற காப்பி கேட்டா?"

"சாட்சியை அழிச்சிட்டேன்னு ரெண்டாவது மெமோ குடுப்பான்."

ராஜசேகர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தான். கங்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒன்னை எழுதி, அவங்க கையில வேற ஒன்னு இருந்துச்சின்னா பொய் சொல்றேம்பாங்கய்யா. எல்லாத்தையும் எழுதிக் குடுத்து மன்னிப்பு கேட்டுரு. ஆறு வருஷம் உழைச்சிக்கிற, பாக்கமாட்டாங்களா?"

மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஹெச்.ஆர். அதிகாரி நம்பிராஜன் கடிதத்தை ஒருமுறை படித்தார். சென்சார் வந்த இடத்தில் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"சிடி கெட்டுப்போச்சு சார்" என்றான் ராஜசேகர்.

"அது பரவாயில்லப்பா. நாளையிலேர்ந்து நீ வரவேணாம்." பாவம், வருத்தமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தவன் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பி அழுதான். ஆபீசைப் பெருக்கும் சந்திரம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னா தம்பி ஆச்சு?"

"இந்தச் சிடிதான்க்கா என் குடியைக் கெடுத்துச்சு."

சந்திரம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒன்னுமே எழுதல தம்பி, சார் சொல்லி நான்தான் கடையில டப்பாவோட அம்பது வாங்கியாந்தேன், மெமோவுக்கு ஒன்னு சொருவி வுட்டா, இன்னா தப்பு பண்ணோம்னு ஆளுங்களே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றாங்களாமே."