ஓவர்கோட்டாரும் வெள்ளிப் பொயிலரும்

வீட்டுக்குள் ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, வெளியே போகும்போது அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போன மனிதர் கனடா தேசத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பார்க்டேலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது; வீட்டு உறுதிப் பத்திரத்தில் அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் அவருக்கு வைத்த பெயர் ஓவர்கோட்டார். பட்டம் வைப்பதிலும் மரியாதை விகுதியை விடாத சனம் நாங்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் மகன் ஸ்காபரோவில் ஓர் அறை அப்பார்ட்மென்றில் மனைவி பிள்ளையோடு நெருக்குப்பட்டுக்கொண்டிருந்தான். பெரிய வீடு வாங்கியதும் கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்து, என்னை ஓவர்கோட்டார் வீட்டு மேல்மாடி அறையில் குடியேற்றினான். முதல் நாளே கவனித்தேன், அறை வாசலில் நின்று என்னை வரவேற்றபோது என் வாயிலிருந்தும் அவர் வாயிலிருந்தும் புகை வந்தது. இருவருமே சுருட்டுப் பிடிப்பதில்லை.

காரணம் நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் இருந்தது. அங்கே ஒரு பொயிலர், யானை படுத்திருப்பதுபோல. நிலக்கரியில் பிறந்து, இடையில் எண்ணெய்க்கு மதம் மாறி, கடைசியில் இரண்டிலும் நம்பிக்கை இழந்துவிட்ட பொயிலர். அது சுடவைக்கும் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு அறை றேடியேற்றருக்கும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. தண்ணீர் போனதோ தெரியாது, சத்தம் போனது. சுவருக்குள் கொல்லன் பட்டறை வைத்ததுபோல இடிக்கும். பிறகு ஓவர்கோட்டார் சாவியும் குறடுமாக இறங்கிப்போய் அதன் விலாவில் இரண்டு போடுவார். கொஞ்ச நேரம் முனகிக்கொண்டு சூடு தரும். பிறகு மறந்துவிடும்.

ஓவர்கோட்டாருக்கு ஒரு பெரிய ஹொட்டேலின் சலவைப் பகுதியில் வேலை. போய்வருவது ஸ்ரீட்காரில், அதாவது தெருத் தண்டவாளத்தில் ஓடும் ட்ராமில்; நாள் முழுக்க நீராவியில் அவிவது. அதனால் அவருடைய நியாயம் தெளிவாக இருந்தது.

“வெளியிலை எங்கை ஐயா குளிர்? ஸ்ரீட்காருக்குள்ளை சூடு. வேலையிலை நெருப்பு. உந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் அவிஞ்சு போவன்.”

கோட்டு பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. யாரோ ஒரு வெள்ளைக்கார இராட்சதனுக்குத் தைத்தது. கணுக்கால்வரை வரும். மாடிப்படி ஏறும்போது கலியாணப் பெண் கூறைச் சேலையைத் தூக்குவதுபோல ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஏறுவார். அதன் பைகளுக்குள் ஒரு குடும்பமே இருந்தது: குறடு, றேடியேற்றர் சாவி, மெழுகுதிரி, ஒரு சோடிக் கம்பளிக் காலுறை, வறுத்த கச்சான் கடலை.

கோட்டால் ஓர் எதிர்பாராத நன்மையும் இருந்தது. வீட்டு வாசலில் மணியடித்து மதம் பரப்புகிறவர்களும் சாமான் விற்கிறவர்களும் அவரைக் கண்டதும், ஐயா எங்கேயோ புறப்படுகிறார் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். யாராவது வாய்விட்டுக் கேட்டால் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “இல்லை, இப்பதான் வந்தனான்.” வீட்டுக்குள் குளிர் என்று ஒரு வெளியாளிடமும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. காப்புறுதி விற்கும் நம்மவர் ஒருவர் ஒருநாள் பொறுமையிழந்து கேட்டேவிட்டார். “அண்ணை, எப்ப வந்தாலும் இப்பதான் வந்தனான் எண்டுறியள். ஒருக்காலாவது கோட்டைக் கழட்டிப்போட்டு இருக்கமாட்டியளோ?”

எங்கள் குசினியில் தோசைமா புளிக்காது. உழுந்தை அரைத்து வைத்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அது அரைத்த உழுந்தாகவே இருக்கும். ஓவர்கோட்டார் மாச்சட்டியை வேலைக்குக் கொண்டுபோய், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் புளிக்க வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் திரும்பி வருகிற ஸ்ரீட்காரிலும் மா தன் கடமையைத் தொடர்ந்திருக்கிறது. மூடி மெல்ல மெல்ல எழும்பியதைக் கண்டு பக்கத்தில் இருந்த பெண்மணி இடம் மாறினாளாம். சட்டிக்குள் உயிருள்ளது ஏதும் இருக்கிறதா என்று சாரதி கேட்டாராம். இவர் சாப்பாடு என்றாராம். சாரதி நம்பவில்லை. மிச்சத் தூரத்தை நடந்து வந்து, எங்களுக்குத் தோசை சுட்டுத் தந்தார். நல்ல தோசை.

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார். பிரியும்போது ஓவர்கோட்டாருக்குத் தலை நிறைய மயிர் இருந்ததாம், இப்போது வழுக்கை; அவ்வளவு காலம். விசா வந்துவிடும் போலிருக்கிறது என்று கடிதம் வந்த அன்று, மனிதர் சந்தோசப்படுவார் என்று பார்த்தால், மாடிப்படியில் கோட்டோடு குந்திவிட்டார்.

“அவவுக்குத் தொய்வு ஐயா. குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். உந்த வீட்டுக்குள்ளை எப்பிடி வைச்சிருப்பன்?”

புதுப் பொயிலர் வாங்க அவரிடம் வழியில்லை. வீட்டை வாங்கியதிலேயே மனிதர் ஓய்ந்துபோயிருந்தார். ஆனால் நான் ஊரில் அரசாங்க அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், தலை நரைத்தவன். நூலகத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. பழைய பொயிலர் வைத்திருக்கும் வசதி குறைந்த வீட்டுக்காரருக்கு, புதியது போட அரசாங்கம் உதவும் என்றது. எல்லாரும் அதைப் புத்தகத்துக்கு அடையாளம் வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் படித்தேன். அரசாங்கப் பிரசுரத்தைக் கடைசி வரிவரை படிப்பவர்கள் இரண்டு வகை: எழுதியவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். எழுதியவர் படித்திருப்பார் என்பது நிச்சயமில்லை.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கேட்டவை எல்லாம் இணைத்து, கேட்கப்போகிறவையும் இணைத்து அனுப்பினேன். இனி ஒரு பரிசோதகர் வந்து வீட்டின் சூட்டை அளந்து, பொயிலரின் நிலையைப் பார்த்து எழுதவேண்டும். அவர் எழுதுவதில்தான் எல்லாம். ஓவர்கோட்டாரை இருத்திவைத்துப் புத்தி சொன்னேன்: நீர் ஒன்றும் செய்யவேண்டாம். பொயிலர் இருக்கிறபடி இருக்கட்டும், வீடு குளிர்கிறபடி குளிரட்டும், நீர் கோட்டோடு நில்லும். அவர் “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்றார். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் இரண்டு தரம் ஓம் என்றால் வேறு ஏதோ தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். அது அன்று எனக்குத் தோன்றவில்லை.

மகன் வீட்டுக்குப் போயிருந்த நான், பரிசோதகர் வருகிற காலையில் திரும்பிவந்து கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஊர்ச் சித்திரை வெயில்போலச் சூடு முகத்தில் அடித்தது. சோபாவுக்குப் பின்னால் ஒரு மின்சார ஹீற்றர். மேசைக்குக் கீழே ஒன்று. மேலே அறைக்கு அறை ஒன்று. பார்க்டேலில் உள்ள தமிழ் வீடுகளெல்லாம் அன்று எங்கள் வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. மின்சார அடுப்பு முழுவதும் அண்டாவும் கிடாரமுமாகத் தண்ணீர் கொதித்தது.

பேஸ்மென்றுக்கு இறங்கினேன். பொயிலருக்கு வெள்ளிநிறப் பெயின்ற் அடித்திருந்தது. நெற்றியாகப்பட்ட இடத்தில் மூன்று குறி விபூதி, நடுவே சந்தனம், குங்குமம். கழுத்தாகப்பட்ட இடத்தில் பிளாஸ்ரிக் மாலை. பக்கத்தில் ஓவர்கோட்டார், கோட்டில்லாமல், வெள்ளைச் சேட்டும் கழுத்துப் பட்டியுமாக. அந்தக் கோட்டுக்குள் இவ்வளவு மெலிந்த மனிதர் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

“என்ன காணும் உது?” என்றேன். “நீர் புதுப் பொயிலர் கேக்கிறீரோ, பழசுக்குக் கலியாணம் செய்யிறீரோ?”

“பேசாமல் இருங்கோ ஐயா. பிறகு சொல்லுறன்.”

மணி அடித்தது.

பரிசோதகர் செம்பட்டை மீசை வைத்த நெடிய மனிதர், நல்ல பண்பானவர். வாசலில் ஜக்கெற்றைக் கழற்றி மாட்டினார். நடுவீட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். மேல்மாடிக்குப் போகும்போது சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார். வெப்பமானியைப் பார்த்தார், உதறினார், மறுபடி பார்த்தார். கீழே பொயிலருக்கு முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றுவிட்டு, மெல்லத் தொட்டார். விரல் வெள்ளியாக வந்தது.

“வெரி குட் பொயிலர், சேர்,” என்றார் ஓவர்கோட்டார். “வெரி ஹொட். நோ புரொப்ளம்.”

என் உத்தியோக காலத்தில் பொய் சொன்ன விண்ணப்பதாரர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். தனக்கு எதிராகப் பொய் சொன்ன விண்ணப்பதாரரை அன்றுதான் கண்டேன். இவ்வளவு சூடான வீட்டை இந்தப் பகுதியில் தான் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டு, பரிசோதகர் தன் படிவத்தில் எழுதுவதை எழுதி மடித்துவைத்தார். விசயம் முடிந்தது.

ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வெறுவயிற்றோடு போனதில்லை. ஓவர்கோட்டார் விடியவே எழும்பி வடை சுட்டிருந்தார். காலை முழுக்கக் கொதித்த தண்ணீரில் விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடாது என்று, புதுத் தண்ணீர் பிடித்து மின்சாரக் கேத்திலைப் போட்டார். அத்தனை ஹீற்றர்களையும் தாங்கிய அந்தப் பழைய வீட்டின் மின்சாரம், கேத்திலைத் தாங்கவில்லை. கீழே எங்கோ ‘டப்’ என்றது. ஹீற்றர்கள் அணைந்தன. அடுப்பு அணைந்தது. பொயிலரும், மாலை மரியாதைகளோடு, கண்ணை மூடியது.

சூட்டைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாத வீடு அது. யன்னல் இடுக்குகள், கதவு இடுக்குகள், சுவரில் நாங்கள் அறியாத இடுக்குகள் எல்லாவற்றாலும் சூடு விடைபெற்றது. முதல் வடையோடு பரிசோதகர் சேட்டுக் கையை இறக்கினார். அடுத்ததோடு கம்பளிச் சட்டையைப் போட்டார். அதற்கு அடுத்த வடையைக் கடிக்கும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. வடை ஆறிப்போயிருந்ததால் அது வடையின் புகை அல்ல.

வீட்டுக்கு வந்த மனிதர் நடுங்குவதை ஓவர்கோட்டாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாசலில் தன் ஜக்கெற் இருக்கிறது என்று பரிசோதகர் சொல்லி முடிக்குமுன், பேஸ்மென்றுக்கு ஓடிப்போய் ஆணியிலிருந்த ஓவர்கோட்டை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்திவிட்டார். குளிரில் மனிதனின் கை தானாகப் பைக்குள்தானே போகும். போனது. குறடு வந்தது. சாவி வந்தது. மெழுகுதிரி, காலுறை, கச்சான். ஒவ்வொன்றாக மேசையில் வைத்துவிட்டு, மெல்லிய சேட்டில் விறைத்துக்கொண்டு நின்ற ஓவர்கோட்டாரைப் பார்த்தார். இந்தக் கோட்டை வீட்டுக்குள்தான் போடுவீர்களா என்று கேட்டார்.

வழக்கமான பதில் வரவில்லை. ஓவர்கோட்டார் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, உவர் போய் இமிக்கிரேஷனுக்குச் சொல்லிப்போடுவார். வீடு குளிரெண்டு தெரிஞ்சால் அவவின்ரை விசாவை நிப்பாட்டிப்போடுவாங்கள். அவவை நல்லா வைச்சுப் பாப்பன் எண்டெல்லோ விசாப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சனான்.”

பெயின்றுக்கும் விபூதிக்கும் இரவல் ஹீற்றருக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியாமலே ஓய்வுபெற்றவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மனிதரோ, ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரோடு கதைக்கும் என்று நம்பிப் பயந்துகொண்டிருந்தார்.

“என்ன காணும்,” என்றேன், “அரசாங்கத்தைப் பற்றி உமக்குச் சரியான உயர்ந்த அபிப்பிராயம்.”

பிறகு எல்லாவற்றையும் பரிசோதகருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு கச்சானை உடைத்து, நிதானமாக மென்றார். இமிக்கிரேஷனில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்றார். “நான் பொயிலர் மட்டும்தான்.”

அதை நான் தமிழில் சொன்னபோது, ஓவர்கோட்டார் கதிரையில் அமர்ந்துவிட்டார். பரிசோதகர் கோட்டைக் கழற்றாமலே மறுபடி மேலே போய் வெப்பமானியைப் பார்த்தார். பேஸ்மென்றில் வெள்ளியைச் சுரண்டினார். துருவும் கூடவே உதிர்ந்தது. முன்பு எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். விபூதியை மட்டும் தொடவில்லை.

அரசாங்கம் அல்லவா? முதலில் வேலைக்காரர் வந்து புதுப் பொயிலரைப் பொருத்தினார்கள். பொருத்தலாம் என்ற அனுமதிக் கடிதம் பிறகு வந்தது. புதியது ஒரு சூட்கேஸ் அளவுதான். மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஓவர்கோட்டார் அதை நம்பவில்லை. “சத்தமில்லாமல் எப்பிடி ஐயா சூடு வரும்?” என்று கொஞ்ச நாள் கோட்டோடு அதன் முன்னால் குந்தி, கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர் உச்சத்திலிருந்த நடு மாரியில் மனைவி வந்தார். ஓவர்கோட்டார் வாழ்க்கையில் முதன்முறையாகக் கோட்டை வெளியே கொண்டுபோனார். விமான நிலையத்திலிருந்து அந்தப் பெண் அதற்குள்தான் வந்தார். மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. வீட்டுக்குள் வந்து சற்று நேரம் இருந்தார். நெற்றி வியர்த்தது.

“என்னப்பா, உள்ளுக்கு இப்பிடி வேகுது? அந்த யன்னலைத் திறவுங்கோவன்.”

ஒவ்வொரு மாரிக்கும் பழந்துணி அடைத்து, நாடா ஒட்டி, போர்வை தொங்கவிட்ட யன்னல் அது. ஓவர்கோட்டார் நாடாவைக் கிழித்தார், துணியைப் பிடுங்கினார், யன்னலை அகலத் திறந்தார். வெளியே பனி கொட்டியது. வெறும் சேட்டோடு அந்தக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, நெடுநேரம் சிரித்தபடி நின்றார்.

பிறகு என் மகன் ரூஜ் என்ற பகுதியில் வீடு வாங்கினான். நான் புறப்பட்ட அன்று ஓவர்கோட்டார் கோட்டை மடித்து என் கையில் தந்தார். “அங்கத்தை வீடு எப்பிடியோ தெரியாது ஐயா. வைச்சிருங்கோ.”

இங்கே ஒரு குறையும் இல்லை. தோசைமா ஓரிரவில் புளிக்கிறது. ஆனாலும் சில பின்னேரங்களில் அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சும்மா கதிரையில் இருப்பேன். மருமகள் கண்டுவிட்டால் கேட்பாள்.

“என்ன மாமா, எங்கையாவது வெளிக்கிடுறியளோ?”

“இல்லைப் பிள்ளை. இப்பதான் வந்தனான்.”