பித்தளைத் தகடு பதித்த கம்ப்யூட்டர்

மில்லர்புரம் அரராத் ஆலயத்தின் சேகரக் கமிட்டி, கர்த்தருடைய பெரிதான கிருபையினால் கூடி, ஆலயத்துக்கு நல்ல பலசாலியான கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாக என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அப்படியொன்று நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது யோனாவுக்காக. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் இன்பமணியின் மகள் ஜெப்ஸி, கார்ட்டூன் படம் செய்கிற படிப்பு படித்தவள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக, பெரிய மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியின் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் மீன் காலையில் வாயைத் திறக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் மூடும். யோனா பாவம், உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நடுவில் நின்றார்.

“பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் படத்தை முடிச்சுக் காட்டும்மா. மீடியா ரூமை சம்பளத்தோட உன் கையில கொடுத்திருதோம்” என்று சபைப் போதகரான ஐயர் வாக்குக் கொடுத்திருந்தார். பெங்களூரிலும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பண்டிகைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூத்தவன் துபாய்க்குப் போய்விட்டான். இவளாவது கண்ணெதிரே இருக்கட்டும் என்று இன்பமணி முழங்காலில் நின்று கேட்காத நாளில்லை.

அரராத் ஆலயத்தில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சின் முதுகில் பெயர், ஃபேனின் இறக்கையில் பெயர். டியூப் லைட்டில் கொடுத்தவர், அவர் தகப்பனார், பாட்டனார் என்று மூன்று தலைமுறை எழுதியிருப்பதால், வெளிச்சம் அந்த எழுத்துகளின் சந்து வழியாகத்தான் சபையாருக்கு வந்துசேரும். ஆகவே பொருளாளர் டேவிட்சன் அண்ணாச்சி எழுந்து, “முழுசா வாங்குனா ஒரு பேருதான் போட முடியும். பாகம் பாகமா வாங்குவோம். குடும்பத்துக்கு ஒரு பாகம், ஒரு பித்தளைத் தகடு” என்றார். சபை மகிழ்ந்தது.

எந்தப் பாகம் எதற்கு என்று விளக்க ஜெப்ஸியைக் கூப்பிட்டார்கள்.

“புராசசர்தான் அங்கிள் கம்ப்யூட்டருக்கு மூளை.”

“மூளை வெளிய தெரியுமா?”

“தெரியாது. அதுக்கு மேல ஃபேன் உக்காந்திருக்கும்.”

“தெரியாத மூளைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி. கமிட்டியில் பலருக்கும் அந்த உறுப்பு அப்படித்தான் இருந்துவந்தது என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. மூளை சிறியதாகவும், ஃபேன் பெரியதாகவும் வாங்குவதென்று முடிவாயிற்று.

அடுத்து, படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு. பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி என்றும், கண்ணாடி வழியே பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும் என்றும் ஜெப்ஸி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

“அது எங்க வீட்டு சார்பா” என்று எழுந்தார் கமிட்டி அங்கத்தினர் ஈவாஞ்சலின்.

அதுவரை மனதுக்குள் இவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்த இன்பமணியும் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. “எங்க அத்தை அருளம்மாள் நினைவா நாங்க கொடுக்குறதா இருக்கோம்” என்றாள். உயிரோடு இருந்தபோது ஒரு தம்ளர் காப்பிக்கு மூன்று குறை சொன்ன மாமியார். அவள் மேல் இத்தனை பாசம் இருந்தது இன்பமணிக்கே அன்றுதான் தெரியும்.

“ஏளா, நான்தானே முதல்ல எந்திரிச்சேன்!”

“எந்திரிச்சது நீங்க அக்கா. ஆனா கம்ப்யூட்டர்ல வேலை செய்யப்போறது யாரு மக?”

சமாதானம் பண்ணுகிறவர்கள் அந்தக் கமிட்டியில் நிறைய. ஆளுக்கொன்றாக இரண்டு கார்டு வாங்குவதென்று தீர்த்தார்கள். “ஒண்ணுதான் வேலை செய்யும். இன்னொண்ணு சும்மா கரண்டைத்தான் தின்னும்” என்றாள் ஜெப்ஸி. “இருக்கட்டும்மா. கமிட்டியிலயும் அப்படி உண்டுல்லா” என்றார் ஐயர், வெகு சாந்தமாக.

வாலிபர் சங்கத்து பெர்சிக்கு லைட் வேண்டும். “சென்னையில எல்லா கம்ப்யூட்டரும் உள்ளுக்குள்ள கலர் கலரா மின்னுது. நம்மது மட்டும் இருட்டா இருந்தா சபையோட நற்சாட்சி கெட்டுப்போவும்” என்றான். மின்னலாம், ஆனால் லெந்து என்கிற உபவாச காலத்தில் ஊதா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை, மற்ற நாட்களில் பச்சை என்று ஆராதனை முறைப்படிதான் மின்ன வேண்டும் என்று நிபந்தனை போட்டு, நிறங்களைக் கண்காணிக்க ஓர் உபகமிட்டியும் அமைத்தார்கள்.

மிஞ்சியது, எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை. பெட்டியின் அடியில், மூடிக்குள்ளே, ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கிற சாமான் என்று தெரிந்ததும் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். ஜெபம் என்று நினைத்து ஐயர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடைசியில் பொது நிதியிலிருந்து, இருப்பதிலேயே சிறியதாக ஒன்று வாங்கினார்கள்.

தகடுகளை உள்ளே ஒட்டினால் கரண்டில் பித்தளை பட்டுப் புகைந்துவிடும் என்று ஜெப்ஸி மன்றாடினாள். சரி, வெளியே ஒட்டுவோம் என்று பெரியமனதோடு இறங்கிவந்தார்கள். பெட்டியில் காற்றுப் போவதற்கு விட்டிருந்த ஓட்டைகள், தகட்டுக்காகவே விட்ட இடம் போல வரிசையாக, வாகாக இருந்தன.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு பிரதிஷ்டை ஜெபம் ஏறெடுத்து ஐயர் சுவிட்சைப் போட்டார். பச்சை ஒளி வீசியது. ஸ்தோத்திர சத்தம் கூரையை முட்டியது. திரையில் மீன் வாயைத் திறந்தது. யோனா ஒரு காலை உள்ளே வைத்தார். பட்டென்று எல்லாம் அணைந்து, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த வாடை வந்தது.

“ஒண்ணும் கெட்டுப்போவலை. பவர் சப்ளை பெருசா ஒண்ணு வாங்கி, தகடையெல்லாம் கழட்டிட்டா, பண்டிகைக்குள்ள முடிச்சிருவேன்” என்றாள் ஜெப்ஸி.

வீட்டுக்கு வந்து இன்பமணி முழங்காலிட்டாள். “ஆண்டவரே, எனக்குப் பெருமை வேண்டாம். பேர் மட்டும் போதும்” என்று வாயில் வந்துவிட்டது. வெட்கப்பட்டு, எழுந்து முகம் கழுவி, ஐயரிடம் போனாள். பவர் சப்ளையைத் தானே கொடுப்பதாகவும், தகடு வேண்டாமென்றும், தன் பெயரே வெளியில் வரக்கூடாதென்றும் தாழ்மையோடு சொன்னாள். வாசல்வரை வந்தவள் திரும்பி, “யாராவது கேட்டா மட்டும், மகளை கார்ட்டூன் படிக்க வச்ச சகோதரின்னு சொல்லிக்கிடுங்க ஐயா” என்றாள்.

யாரும் கேட்காமலேயே ஐயர் சொல்லிவிட்டார். அன்று சாயங்கால ஆராதனையில், பெயர் வெளியிட விரும்பாத, மகளை கார்ட்டூன் படிக்க வைத்த அந்த சகோதரியைப் பாராட்டி, மொத்தக் கம்ப்யூட்டரும் ஓடுவதே அவர் கொடுக்கும் பாகத்தால்தான் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். அவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும் ஈவாஞ்சலின் ஒரு பவர் சப்ளை அறிவித்தார். டேவிட்சன் அண்ணாச்சி அதைவிடப் பெரியது அறிவித்தார். யாருடையதை ஏற்பது என்று ஆராய இன்னோர் உபகமிட்டி அமைந்தது.

“அம்மா, தகடைக் கழட்டினா இருக்கிறதை வச்சே ஒரு கார்டுல மெதுவா ஓட்டிப் பாப்பேன். உங்க தகடைத்தான் முதல்ல கழட்டுங்களேன். மத்தவங்களும் கழட்டுவாங்க.”

“கழட்டுறேன் மக்களே. ஈவாஞ்சலின் அக்கா முதல்ல கழட்டட்டும்.”

ஈவாஞ்சலினும் அவருடைய வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெப்ஸி தன் சூட்கேஸை எடுத்தாள். அதில் துணிகளை அடுக்கினாள். பண்டிகையன்று கம்ப்யூட்டரைக் கண்ணாடி பீரோவில் வைத்து, லைட்டுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்திருந்தார்கள். சபையார் வரிசையாக நின்று தங்கள் தங்கள் தகட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யோனா எங்கே என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மட்டும் கேட்டார்கள். ஜெப்ஸி அதற்கு முந்தின நாளே ரயில் ஏறிப் பெங்களூர் போயிருந்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது.

“சாப்ட்டியா மக்களே? அங்கன கம்ப்யூட்டர் கொடுத்துட்டாங்களா?”

“கொடுத்துட்டாங்கம்மா. மீன் பட்டுனு வாயைத் திறந்து பட்டுனு மூடுது.”

“யாரு பேரு போட்டிருக்கு?”

“பேரே இல்லம்மா.”

இன்பமணி போனை வைத்தாள். உடனே பெண்கள் ஐக்கிய சங்கத்தை அவசரமாகக் கூட்டினாள். ஒருவரும் கொடுக்காத கம்ப்யூட்டரில், அநாதை போல உட்கார்ந்து, நம் பிள்ளை வேலை செய்கிறாள் என்று கண்கலங்கச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். பெங்களூருக்கு ஒரு பித்தளைத் தகடு அனுப்புவதென்று அந்த இடத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

யார் பெயரைப் போடுவது என்பதில்தான் கூட்டம் இன்னும் முடியவில்லை.