மாமி தெளித்த மஞ்சள் தண்ணீர்

துவக்குச் சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவன், லண்டனில் சந்தா கட்டித் துவக்கு வெடிக்கப் போனால் அவனுக்கு என்ன பெயர் வைப்பது? என் மனைவி மனோ ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது. (அவளும் இதை வாசிப்பாள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்தோம். வேலையிடத்து நண்பர் ஒருவர், வானத்தில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் கிளப் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். முதல் தட்டு தூளானதுமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆனால் என் உடம்போ ஒட்டடைக்கம்பு. துவக்கு உதைத்து உதைத்துத் தோள் கன்றிப்போகும்; மனோ திட்டித் திட்டி எண்ணெய் தடவுவாள். ஆகவே தோட்டா அடைக்கும் கை இயந்திரம் ஒன்று வாங்கி, உதைக்காத மெல்லிய தோட்டாக்களை நானே அடைக்கத் தொடங்கினேன். வெற்றுத் தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்து, அதன்மேல் பிளாஸ்டிக் அடைப்பு, அதற்குமேல் சன்னம் என்கிற பொடி ஈயக் குண்டுகள். வாயை மடித்தால் தோட்டா தயார்.

கிளப்பில் என்னை நிரந்தரமாகச் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் நாள் வந்தது. அதற்கு முந்திய வாரம் சரஸ்வதி பூசை. மனோவின் தாயார், அதாவது எங்களோடு இருந்த மாமி, வீட்டிலுள்ள கருவியெல்லாம் பூசைக்கு வரவேண்டும் என்றார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் என் இயந்திரமும் மருந்துப் போத்தலும் ஏறின. நான் பொறுப்பான ஆள் அல்லவா? குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எல்லாவற்றையும் அடுத்த அறைக்குத் துரத்தினேன். சரஸ்வதிக்கு அந்த வருடம் மின்சார பல்புதான்.

மாமி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"தம்பி, அந்தப் போத்தல் மூடியை ஒருக்காத் திறவுங்கோ. உள்ளுக்கும் படட்டும்."

திறந்தேன். நெருப்புக்குத்தான் பயந்தேனே தவிர, தண்ணீரை யார் நினைத்தார்கள்?

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அடைக்க உட்கார்ந்தால், மருந்து கட்டிகட்டியாக இருந்தது. கரண்டியால் உடைத்து அடைத்துத் தள்ளினேன். (படிச்ச மனுசன், பாருங்கோ.)

கிளப் தலைவர் ஜோர்ஜ் சிரித்ததை யாரும் கண்டதில்லை. அவர் முன்னால் நின்று தட்டுக் கேட்டுக் கத்தினேன். தட்டு பறந்தது. விசையை இழுத்தேன். "புஸ்" என்று ஒரு சத்தம். சன்னங்கள் என் சப்பாத்துக் காலுக்கு முன்னால் பொலபொலவென்று கொட்டின. தட்டு நிம்மதியாகப் போய் வயலில் இறங்கியது.

அவமானத்தில் விறைத்துப்போனேன். அடுத்த தோட்டாவைப் போடக் கை வரவில்லை. குழலை வயல் பக்கம் பிடித்தபடி மரம்போல நின்றேன்.

ஜோர்ஜ் துவக்கை வாங்கித் திறந்து பார்த்தார். அடைப்பு குழலுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. இன்னொன்றைப் போட்டு வெடித்திருந்தால் குழலோடு என் கையும் போயிருக்கும் என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தம் பிழையாகக் கேட்டதும் அசையாமல் நின்ற இப்படிப்பட்ட நிதானமான ஆள்தான் கிளப்புக்கு வேண்டும் என்று சொல்லி, அங்கேயே என்னைச் சேர்த்துக்கொண்டார். அது நிதானமல்ல, வெட்கம் என்று சொல்ல வாய் திறந்தேன், நல்லவேளை, மூடிவிட்டேன்.

வீட்டில் கதையைச் சொன்னதும் மனோ விழுந்து விழுந்து சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

"பாத்தியளே தம்பி, நான் தெளிச்சபடியால்தான் உங்களைச் சேர்த்தவை."

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புதுக் கார் வாங்கி, மாமி செம்போடு வாசலுக்கு வந்தால், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பெற்றோல் மூடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.