நண்டுக் கட்டுரையில் யார் பெயர் முதலில்?

சிதம்பரத்தில் தங்கிப் படித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களில் ஆங்கில அகரவரிசைப்படி சாப்பிட்டவன் ஒருவன்தான். முதலில் அப்பளம். அடுத்தது தயிர், ஏனென்றால் அது அவன் கணக்கில் ‘கர்ட்’. பிறகு கூட்டு, ரசம், கடைசியாக சாம்பார். தயிருக்கு அப்புறம் சாம்பார் ஊற்றும் காட்சியைத் தாங்க முடியாமல் மெஸ்ஸில் அவனுக்கு எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். அவனை நாங்கள் ஏபிசிடி என்றுதான் கூப்பிட்டோம். வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

நான் தமிழ்த்துறையில் ஆராய்ச்சி மாணவன், அவன் கணிதம். 2007 வாக்கில் விடுதியில் அடுத்தடுத்த அறை. நாலு பேர் டீ குடிக்கப் போனால் கிளாஸைப் பெயர் வரிசைப்படிதான் நீட்டுவான். ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க துறையில கட்டுரைக்குப் பேரு அப்படித்தான் போடுவாங்க மாமா. பெரியவன் சின்னவன்ங்கற பேச்சே வராது. எழுத்து மேல யாரு கோவப்பட முடியும்?”

கோபப்பட ஓர் ஆள் வந்தாள். விலங்கியல் துறை வசந்தி, மங்கலம்பேட்டைக்காரி. வருடக்கணக்கில் கழிமுகச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நண்டு அளந்தவள். நண்டுகள் பெருகுவதையும் குறைவதையும் சொல்ல அவளுக்கு ஒரு சமன்பாடு தேவைப்பட்டது. ஏபிசிடி போட்டுக் கொடுத்தான். இருவரும் எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டது. பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று உடனே தெரிவிக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

கடலூரில் ஒரு கல்லூரியில் வசந்திக்கு நேர்காணல் வந்திருந்தது. இந்த வேலை கிடைக்கவில்லையென்றால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் அவள் கிளாஸைத் தொடாமலே தள்ளி வைத்தாள்.

“எங்க துறையில மொத பேருதாண்ணா உழைச்சவங்க பேரு. ரெண்டாவதா இருந்தா, நான் சேத்துல எறங்கவே இல்லன்னு நெனைப்பாங்க.”

“எழுத்துப்படி எம் பேருதான் மொதல்ல வரணும். எங்க துறையில வரிசை மாறிக் கெடந்தா, இவன் டைப் அடிச்சுக் குடுத்திருக்கான்னு நெனைப்பாங்க. அந்தச் சமன்பாடு என் தீசிஸ்ல வருது வசந்தி. எங்க கைடு கேட்டா என்ன சொல்லுவேன்?” அவன் நகத்தைக் கடித்தான். “பேசாம எம் பேர எடுத்துடு.”

“வேல செஞ்சவங்க பேர எடுத்தா அது திருட்டுண்ணா.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் துறையில் ஒரு கட்டுரைக்கு ஒரு பெயர்தான். இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் எழுதவில்லை என்று பொருள். அதைச் சொன்னேன். இருவரும் எழுந்து போய்விட்டார்கள். வசந்தியின் கைடோ, “உங்க சண்டையில என்ன இழுக்காதீங்க” என்று முன்பே தன் பெயரை விலக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏபிசிடியின் அறை பூட்டிக் கிடந்தது. செல்போன் அணைந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. பஸ் பிடித்து, கடலூர் முதுநகரில் அவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு எதிரே அவன் கைகட்டி நின்றிருந்தான்.

“எம் பேரு எதுக்குடா ஒனக்கு? எதுனா கேஸா?”

“கேஸ் இல்லப்பா. நண்டு.”

“நண்டுக்கும் எனக்கும் என்னடா?” அவர் என் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லு தம்பி. வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவனுடைய உண்மைப் பெயர் அருள். இதுவரை கட்டுரைகளில் அப்படியே போட்டிருக்கிறான். ஆனால் அந்த இதழ் குடும்பப் பெயரை வைத்து வரிசைப்படுத்துகிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைத்தான் கொடுக்க வேண்டும். வசந்தி தன் அப்பா பெயரான பெருமாளைக் கொடுத்திருந்தாள். இவன் அப்பா பெயர் சக்கரியா. ஆங்கிலத்தில் இசட்டில் தொடங்கும். பெருமாளுக்குப் பின்னால்தான் வரும்.

“உங்க பேரப் போட்டா ஒரு பொண்ணுக்கு வேல கெடைக்கும் ஐயா” என்றேன்.

அவர் யோசித்தார். “அப்ப போட்டுக்கடா. ஸ்பெல்லிங்க ஒழுங்கா போடு.”

திரும்பும் பஸ்ஸில் அவன் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“அருள்னு போட்ட பழைய கட்டுரைங்க என்னாவும் மச்சான்?” என்று கேட்டேன்.

“வேற யாரோ எழுதுனதா இருந்துட்டுப் போவுது. இனிமே எப்பவும் சக்கரியாதான். ஒரு தடவைக்கு மட்டும் மாத்துனா அது மோசடி மாமா.”

அதாவது, ஆயுசுக்கும் எல்லா வரிசையிலும் கடைசி.

வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் மெதுவாகக் கேட்டாள்: “நெசமாவே உங்க பேரு அருளாண்ணா?”

நேர்காணல் அன்று கல்லூரி வாசலில் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவனுக்கு மீதமிருந்த நகங்களும் அன்றோடு தீர்ந்தன. வெளியே வந்த வசந்தியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“கட்டுரையப் பாத்தாங்க. மொத பேரு நீங்கதானான்னு கேட்டாங்க. அப்புறம், கடைசியில இருக்கற இந்த சக்கரியா யாரு, ஒங்க கைடான்னாங்க. எங்க துறையில கடைசிப் பேரு பெரியவங்களுக்குத்தாண்ணா போடுவாங்க.”

ஏபிசிடி நகமில்லாத விரலைக் கடித்தான். “நீ என்ன சொன்ன?”

“கைடு இல்ல, எங்க அண்ணன்னு சொன்னேன்.”

அவன் ரோட்டைத் தாண்டி ஒரு கடைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் சோடா குடித்தான்.

வசந்திக்கு அந்த வேலை கிடைத்தது. அவனுக்கு எங்கோ வடக்கே. எனக்கு இன்றும் கணிதத்தில் ஒரு வரி புரியாது. ஆனாலும் கணிதக் கட்டுரை எதுவும் கண்ணில் பட்டால் எடுத்து, கடைசிப் பெயர் யாருடையது என்று மட்டும் பார்த்துவிட்டு வைப்பேன்.