மூணு புத்தகத்து மரங்கொத்தி

தையல்ல தப்பே இல்ல மாமா. நூல் பிரியல, பட்டன் தெறிக்கல. "பய என் பேரக் கெடுத்துட்டானா, இல்ல நான் அவன் வேலையக் கெடுத்துட்டேனா"ன்னு அம்மாகிட்ட கேட்டீங்களாமே, அதுக்குத்தான் இந்தக் கடிதம். போன் அடிச்சா உங்களுக்கு மெஷின் சத்தத்துல கேக்கறதில்ல. மரியாதையா ஆரம்பிக்கணும்ல, அதனால: அன்புள்ள மாமாவுக்கு, இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம்தான், என்னப் பாக்கறப்ப மட்டும் இல்ல. அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா உங்க வீட்டுக்கு வராரு. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் காலேஜ விட்டப்ப, "தியேட்டர்ல இவன் வேலை நிரந்தரம் ஆகலேன்னா நானே காதப் புடிச்சு இழுத்துட்டுப் போய் மறுபடி சேத்துவிடறேன்"னு அவருக்கு வாக்குக் குடுத்தது நீங்கதான். அந்த வேலை, நீங்க தைச்ச இந்த ஒரு டிரெஸ்ஸ நம்பித்தான் இருந்துச்சு.

காமிக்ஸ் ஹீரோ மரங்கொத்தி படம் வருதுன்னதும் எங்க மேனேஜர், வாசல்ல ஒருத்தன் மரங்கொத்தி வேஷத்துல நின்னு நோட்டீஸ் குடுத்தா கூட்டம் அள்ளும்னாரு. "நான் நிக்கறேன் சார், டிரெஸ் எங்க மாமா தைப்பாரு"ன்னு முந்திரிக்கொட்டையாட்டம் நான்தான் முந்துனேன். "எடுபட்டா நீ நிரந்தரம், எடுபடலேன்னா வீட்லயே இரு"ன்னாரு. படத்து போஸ்டர்ல வெறும் நிழலு, ஒண்ணும் தெரியல. சரின்னு பழைய பேப்பர் கடையில துழாவி மூணு மரங்கொத்தி காமிக்ஸ் எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டேன். ஒரே ஆளு, ஒரே பேரு, டிரெஸ் மட்டும் மாறிடுமான்னு நெனச்சேன். நீங்களும் அப்படியே நெனச்சிருக்கீங்க. ஒரு அட்டையில மூஞ்சி மட்டும் பெருசா இருந்துச்சு, அதப் பாத்து முகமூடியும் செவப்புக் கொண்டையும் தைச்சீங்க. இன்னொண்ணுல இடுப்பு வரைக்கும் தெரிஞ்சுது, அதப் பாத்து சட்டை. மூணாவதுலதான் காலு தெரிஞ்சுது, அதனால கீழ்ப்பாதி அதுலருந்து. எது தெளிவா தெரியுதோ அதத்தானே தைக்க முடியும், உங்களச் சொல்லிக் குத்தமில்ல.

ஆனா மாமா, அது மூணும் மூணு கதைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கொண்டை வெச்சவன் ஆரம்பத்துல வந்தவன், திருடனப் புடிச்சுக் குடுத்துட்டு பல்லக் காட்டிட்டுப் போயிடுவான். சட்டைக்காரன் ரொம்ப வருஷம் கழிச்சு வேற யாரோ எழுதினது. அதுல அவனுக்கு வயசாயிடுச்சு, சண்டையில எடது கை போயிடுச்சு. மூணாவது வேற ஏதோ உலகத்துல நடக்குதாம், அங்க மரங்கொத்தியே அவன் தங்கச்சிதானாம். அதான் கீழ பாவாடை.

பார்சல் வந்த அன்னிக்கே நிக்கணும். போட்டுப் பாத்தா எடது கைக்கு வழியே இல்ல, தைச்சு மூடியிருக்கு. அளவு தப்பிடுச்சு போலன்னு கைய உள்ள மடக்கிக்கிட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். இருக்கறது ஒரு கை, அதுல நோட்டீஸ் கட்டு, காத்து அடிக்குது, மூக்கு அரிக்குது, மூக்கச் சொறிஞ்சா நோட்டீஸ் பறக்குது, நோட்டீஸப் புடிக்கக் குனிஞ்சா கொண்டை கண்ணுல விழுது, கொண்டைய நிமித்தினா பாவாடை தூக்குது. அப்பத்தான் அட்வான்ஸ் டிக்கெட் வரிசையிலருந்து கண்ணாடி வந்தான். எங்க வாடிக்கைக்காரன், காமிக்ஸக் கரைச்சுக் குடிச்சவன், தடிக் கண்ணாடி போட்டிருப்பான், அதான் அந்தப் பேரு.

"யாருடா நீ?"

"தெரியல? மரங்கொத்தி."

"எந்த மரங்கொத்தி?"

"எத்தன இருக்கு?"

மொத்த வரிசையும் சிரிச்சுடுச்சு. அவன் என்னச் சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டறான். "தல சின்ன வயசு. ஒடம்பு கெழவன். இடுப்புக்குக் கீழ தங்கச்சி. நீ ஒரு ஆளே இல்லடா, ஒரு குடும்பம்."

போட்டோ எடுத்துட்டானுங்க. அது ஊரெல்லாம் சுத்தி அப்பா ஆபீசுக்கும் போயிடுச்சு. "இப்படிப் பாவாடை கட்டிட்டு நிக்கத்தான் காலேஜ விட்டியா?"ன்னாரு. மேனேஜர், "முதல் காட்சியோட நீ கெளம்பலாம்"னுட்டாரு. உங்க காதுக்கு வந்தது இது வரைக்கும்தான்.

இனிமேதான் கேளுங்க. இன்னிக்குக் காலையில முதல் காட்சி. கடைசி நாள்தானேன்னு அதே வேஷத்துல டார்ச்சப் புடிச்சுக்கிட்டு கதவுகிட்ட நிக்கறேன். படம் ஆரம்பிச்சா மரங்கொத்தி செவப்புக் கொண்டையோட பல்லக் காட்டிக்கிட்டு வரான். இன்டர்வெல்ல எடது கை போச்சு. ஒண்ணு ரெண்டு தல என் பக்கம் திரும்புச்சு. இன்டர்வெல் முடிஞ்சதும் தங்கச்சி வந்தா. அடிபட்டுக் கெடக்கற அண்ணனுக்குத் தன்னோட போர்ப் பாவாடையக் கழட்டி இடுப்புல கட்டி விடறா. அவன் எந்திரிச்சு நிக்கறான் மாமா. கொண்டை, ஒத்தக் கை, பாவாடை. உங்க டிரெஸ். நூலு கூட மாறல!

படத்த விட்டுட்டு மொத்த ஜனமும் என்னப் பாக்குது. கண்ணாடிப் பய சீட்டு மேல ஏறி, "எல்லாக் கதையிலருந்தும் கொஞ்சம் கொஞ்சம் உருவிட்டாங்கடா!"ன்னு கத்தறான். படம் முடிஞ்சு ஓடி வந்து, "உனக்கு எப்படிடா முன்னாடியே தெரியும்?"னான். "எங்க மாமாவுக்குத் தெரியும்"னேன். ஏன் இப்படி உருவறாங்கன்னு அவனையே கேட்டேன். "ஒரு கதைய மட்டும் எடுத்தா அதப் படிச்சவன்தான் வருவான். எல்லாத்துலயும் எடுத்தா எல்லாரும் வருவாங்க, தப்புன்னு சண்ட போடறதுக்கு இன்னொரு வாட்டியும் வருவாங்க"னான். அவனே அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுத்துட்டான்.

மேனேஜர் என் முதுகுல தட்டி, "நீ நிரந்தரம்ப்பா, சாயங்காலம் கையெழுத்து. இதே மாதிரி இன்னும் அஞ்சு தைக்கச் சொல்லு மாமாவ"ன்னாரு. ஆக, நீங்க குடுத்த வாக்கு பொழச்சுது. நானும் பொழச்சேன். அப்பா வந்தா இந்தக் கடிதத்த அப்படியே கையில குடுத்துடுங்க, நீங்க ஒண்ணும் பேச வேணாம். அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு ஒரு முத்தம். உங்க கையும் கண்ணும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உங்க அக்கா மகன், நிரந்தர ஊழியன்.

பின்குறிப்பு: மெஷின நிறுத்துங்க மாமா. அஞ்சுக்குத் துணி வெட்டிடாதீங்க. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடினப்புறம் துண்டா ஒரு சீன் இருக்கு. காலையில கதவத் தெறக்க வெளிய வந்துட்டேன், மதியக் காட்சியிலதான் பாத்தேன். மரங்கொத்தி படுக்கையிலருந்து எந்திரிக்கறான். ரெண்டு கையும் இருக்கு, கொண்டை இல்ல, பேண்ட் போட்டிருக்கான். நடந்ததெல்லாம் வேற உலகத்துலயாம். அது நாலாவது புத்தகமாம், கண்ணாடி சொல்றான். வெளிய வந்த ஒரு குட்டிப் பொண்ணு என்னப் பாத்து, "அம்மா, இது செல்லாது"ன்னுச்சு. கையெழுத்துக்குப் போனா மேனேஜர், "அது முந்தின உலகத்துல சொன்னதுப்பா"ங்கறாரு. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. டிரெஸ்ஸ இதோட வெச்சு அனுப்பறேன். ஒரு கை வைங்க, கொண்டைய வெட்டுங்க, பாவாடைய நடுவுல தைச்சு பேண்ட் ஆக்குங்க. அப்பாவுக்கு இந்தப் பின்குறிப்பக் கிழிச்சுட்டுக் காட்டுங்க. அம்மாவுக்கு என் கதைய இன்டர்வெல் வரைக்கும்தான், அதாவது வேலை போச்சுங்கற வரைக்கும்தான் சொல்லியிருக்கேன். அவங்க ரெண்டு பேரும் உக்காந்து கதைய ஒட்ட வெக்கறதுக்குள்ள தைச்சு அனுப்பிடுங்க மாமா. மணி அடிச்சாச்சு, கதவுகிட்ட ஆள் இல்ல, நான் போறேன்